பத்தடி ஈட்டி

சமாதானபுரத்தில், டயர்க்கடை மாடியில்,
ஞாயிறுதோறும் சண்டை.
சிமெண்டு ஓடு பதித்த தரை;
ஓடு ஒன்றுக்கு ஐந்தடி என்று
பீர்முகம்மது வகுத்திருக்கிறான்.
வாரநாளில் அவன் பிர்கா சர்வேயர்,
இங்கே அவன்தான் மழை, மலை, பூதம், சாவு.

நான் சோடா மூடி.
கையில் பத்தடி ஈட்டி, அதாவது இரண்டு ஓடு.
ஒட்டி நிற்பவனை அது ஒன்றும் செய்யாது,
அடுத்த ஓட்டில் நிற்பவன் தப்ப முடியாது.
ஆவுடைச்செல்வி புளியங்கொட்டை. சுவரேறும் கள்ளி.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்துவிட்டு
தூங்காத கண்ணோடு வந்து பகடை உருட்டுவாள்.
கோயில்பிள்ளை ஒரு சட்டைப் பொத்தான்,
காயம் ஆற்றும் பரதேசி.
எனக்குப் பதினோராயிரம் தரவேண்டும்.
பரதேசி அல்ல, கோயில்பிள்ளை.

நேராக எண்ணுவதில் தகராறில்லை.
ஒன்று, இரண்டு, குத்து.
மூலைக்கு மூலை போகும்போதுதான் வழக்கு.
முதல் மூலைக்கு ஒன்று, இரண்டாம் மூலைக்கு இரண்டு,
ஆக மூன்று. பதினைந்தடி.
எட்டாது.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான்தான்.
ஆடிக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டிருந்த ராத்திரி.
அப்போது கோயில்பிள்ளைக்கு வேறு ஆள், வேறு பொத்தான்,
கையில் நீளக் கோடாலி.
மூலையில் நின்ற ஓநாயை வெட்டப் போனான்.
நான் போனை எடுத்து
இரண்டின் வர்க்கமூலம் பார்த்தேன்.
ஒன்று புள்ளி நான்கு ஒன்று நான்கு,
இரட்டித்தால் மூன்றுக்குப் பக்கம்.
"மூலைக்குப் போனா கோடாலி சுருங்கிருமாலே?" என்றான்.
"கர்ணம் பொய் சொல்லாது" என்றேன்.
பீர்முகம்மது சிரித்தான்.
கர்ணம் பொய் சொன்ன கதை
அவன் ஆபீஸ் அலமாரியில் கட்டுக்கட்டாக இருக்கிறது.

அன்றைக்குக் காலையில்தான்
'அடுத்த மாசம் பாப்போம் மக்கா' என்று
கோயில்பிள்ளை செய்தி அனுப்பியிருந்தான்.
வர்க்கமூலம் சரிதான்.
போனை எடுத்த வேகம் வேறு கணக்கு.

இன்று பூதம். இருமல் மருந்தின் வெள்ளை மூடி.
எனக்கு வடகிழக்கே, மூலைக்கு மூலை இரண்டு ஓடு.
அதன் காலடியில் பொத்தான், உயிர் ஒன்றே ஒன்று மிச்சம்.
எனக்கு நடை தீர்ந்துவிட்டது.
ஒரே ஓடு தள்ளி நின்றிருந்தால் எட்டியிருக்கும்.
அடி என்றால் அளவு, அடி என்றால் உதை;
என்னிடம் முதலாவது போதவில்லை,
பூதத்திடம் இரண்டாவது நிறைய இருந்தது.

ஆவுடைச்செல்வி முட்டி போட்டு, தலை சாய்த்து,
ஊசிக்கு நரம்பு தேடுகிறவள் மாதிரி
இரண்டு மூடிக்கும் நடுவே பார்த்தாள்.
"நிசத்துல எட்டும்லா" என்றாள்.
"கம்பு வளையும். ஒரு எக்கு எக்குனா போதும்."
பீர்முகம்மது என்னைப் பார்த்தான்.
"இன்னைக்கு ஒரு நாள் ரெண்டுன்னு வச்சுக்கிடுவமா?
சட்டம் ஒன்னுது. நீ சொல்லு."

கீழே காற்றடிக்கும் மிஷின்
ஓடி நின்றது.
சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
சத்தியமாகத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றான் கோயில்பிள்ளை.
"மூணுன்னா மூணுதான். ஓநாய்க்கு ஒண்ணு, பூதத்துக்கு ஒண்ணா?"
இருபது முகப் பகடை உருண்டு
சுவரோரம் போய்ப் பதினெட்டு காட்டியது.
பொத்தானை அவனே
குப்புறப் போட்டான்.

டீ வந்தது. குடித்தோம்.
அதற்குள் புது ஆளுக்குத் தாள் எடுத்து
பேர் எழுதிக்கொண்டிருந்தான்.
"என்ன ஆயுதம்லே?"
"வில்லு" என்றான், தலை நிமிராமல்.
"எட்டவே நின்னுக்கிடுதேன்.
ஒரு மூலை கூடுனா என்ன, கொறஞ்சா என்ன."

பத்தரைக்கு இறங்கினோம்.
அவன் சிக்னல் வரை போகவில்லை;
காலி ரோட்டை மூலைக்கு மூலை வெட்டி
முருகன்குறிச்சிப் பக்கம் நடந்தான்.
பைக்கை உதைக்காமல் நின்று எண்ணினேன்,
ஒன்று, இரண்டு,
ஒன்று, இரண்டு.